சீட்டில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர், விற்பவர் கூறும் வயதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது எனத் தாமே கணக்கிடுகிறார். பின்னர் அதனை நடக்கவிட்டுக் காலடியைக் கவனிக்கிறார். கறவை மாடாயின் மடியைத் தொட்டுப் பார்க்கிறார். இவையெல்லாம் முடிந்த பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசப்படுகிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய எல்லையோர ஊர்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகப் பழகிய காட்சியாகும்.

அதே வீட்டுப் பிள்ளை கல்லூரியில் சேரும்போது மடிக்கணினி வேண்டும் என்கிறது. குடும்பத்தார் கோபாலபுரம் வழியே பொள்ளாச்சிக்கோ, வேலந்தாவளம் வழியே கோயம்புத்தூருக்கோ செல்கின்றனர். புதிய கணினியின் விலையைக் கேட்டால், பால் சங்கத்தில் பல மாதம் ஊற்றிய பாலின் பணம் அதற்கே போய்விடும் போலிருக்கிறது. அடுத்த கடையில் ஏறக்குறைய பாதி விலையில் பளபளப்பான கணினிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் ‘ரீஃபர்பிஷ்டு – ஏ கிரேடு’ என்னும் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தவர், இங்கே சீட்டைப் படித்த அளவில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

அச்சீட்டு உண்மையில் எதனைக் கூறுகிறது? ‘ரீஃபர்பிஷ்டு’ என்பதைத் தமிழில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்கிறோம். இச்சொல் சற்று வழுக்கும் சொல்லாகும். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தால் அதன் காலம் நீள்கிறது. அட்டையின் தரம் மாறுவதில்லை. கோயிலைப் புதுப்பித்தால் இடிந்த பகுதி கட்டப்படுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினால் உட்புறம் பளிச்சிடுகிறது. ஆனால் அடியில் விழுந்த ஓட்டை அடைபடுவதில்லை. கணினிக் கடையில் ‘புதுப்பித்தல்’ என்பது இம்மூன்றில் எதுவாகவும் இருக்கக்கூடும். ஒரு கடையில் மின்கலம், விசைப்பலகை, சேமிப்பகம் ஆகியவற்றைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றியிருப்பார்கள். மற்றொரு கடையில் மேலுறையைத் துடைத்து, புதிய ஒட்டுத்தாள் ஒட்டி, இயங்குதளத்தை மறுபடி நிறுவியிருப்பார்கள். இரண்டின் மீதும் ஒரே சீட்டுத்தான் ஒட்டப்படுகிறது.

இந்தியச் சட்டத்தில் இத்தொழிலைப் பற்றிய குறிப்பு உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்னணுக் கருவிகளைப் பழுதுநீக்கி அவற்றின் ஆயுளை நீட்டித்து விற்போரைத் தனி வகையினராகக் கொள்கின்றன. அவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும்; கழித்த பாகங்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆயினும் இவ்விதிகளின் முதன்மை நோக்கம் கழிவைக் குறைப்பதே ஆகும். ‘ஏ கிரேடு’ என்றால் கீறல் எத்தனை இருக்கலாம், மின்கலத்தில் எத்தனை விழுக்காடு ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும் என்பவற்றை அவை வரையறுப்பதில்லை. கடைகளில் வழங்கும் ஏ, பி, சி என்னும் தரப்பிரிவுகள் வணிகர்கள் தாமே வகுத்துக்கொண்டவை. பெரும்பாலும் அவை மேனியழகை மட்டுமே குறிப்பவை.

பிரான்சு நாடு இதில் ஓரடி முன்னே சென்றுள்ளது. 2022 பிப்ரவரியில் அந்நாடு வெளியிட்ட ஆணையின்படி, கருவியின் எல்லாச் செயல்பாடுகளையும் சோதித்து, தேவையான பழுதுகளை நீக்கிய பின்னரே அதனை அச்சொல்லால் அழைக்கலாம். அத்தகைய பொருளைப் ‘புதியது போன்றது’ என விளம்பரம் செய்யவும் அங்கே இடமில்லை. ஆப்பிள் நிறுவனம் அமெரிக்கா முதலிய நாடுகளில் தானே புதுப்பித்து விற்கும் ஐபோன்களுக்குப் புதிய மின்கலமும் புதிய மேலுறையும் இடுகிறது. ஓராண்டு உத்தரவாதமும் தருகிறது. பயன்படுத்திய ஐபோன்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்க அந்நிறுவனம் கேட்ட இசைவை 2016இல் நடுவண் அரசு மறுத்துவிட்டது. உற்பத்தியாளரே புதுப்பித்தது, இடையில் உள்ள வணிகர் புதுப்பித்தது ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதனால் உணரலாம். ‘ஓப்பன் பாக்ஸ்’ என்பது இவற்றினின்றும் வேறானது. யாரோ வாங்கிப் பெட்டியைப் பிரித்தபின் திருப்பித் தந்த பொருளே பொதுவாக அப்பெயரால் வழங்கப்படுகிறது.

கடைகளில் அடுக்கப்பட்டுள்ள மடிக்கணினிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தால் ஐயம் பாதி தீரும். பெரிய அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கணினிகளை மாற்றுகின்றன. கழித்தவற்றை மொத்தமாக விற்றுவிடுகின்றன. டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்பி எலைட்புக் ஆகிய வரிசைகள் பழைய கணினிக் கடைகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இவை அலுவலகப் பயன்பாட்டுக்கென உறுதியாகக் கட்டப்பட்டவை. பாகங்களை எளிதில் மாற்றத்தக்கவை. எனவே, ‘பழையது’ என்பதனாலேயே இவற்றை ஒதுக்குவது அறியாமை. குறைந்த விலைப் புதிய கணினியைக் காட்டிலும் இவற்றுள் நல்லதொன்று நெடுநாள் உழைப்பதும் உண்டு.

ஆனால், இங்கும் பல்லைப் பார்த்தே தீரவேண்டும். ‘ஐ5 செயலி’ என்று மட்டும் சீட்டில் எழுதப்பட்டிருந்தால் அது வயதை மறைப்பதாகும். ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர். அதில் பல தலைமுறைகள் உள்ளன. ஐ5-6300 எனில் ஆறாம் தலைமுறை, ஐ5-8250 எனில் எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்வரும் முதல் எண்ணே தலைமுறையைக் காட்டுகிறது. பத்தாம் தலைமுறை முதல் அவ்விடத்தில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறாம் தலைமுறை 2015இலும் எட்டாம் தலைமுறை 2017இலும் சந்தைக்கு வந்தவை. இந்த வேறுபாடு ஏட்டளவினதன்று. விண்டோஸ் 11 இயங்குதளம் இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டவற்றையே ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. ஆறாம் தலைமுறைக் கணினியில் ஏதோ ஒரு வழியில் விண்டோஸ் 11ஐ நிறுவித் தருகிறோம் என்று கடைக்காரர் கூறினால், அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லை என அறிந்துகொள்ள வேண்டும். அதற்காக அக்கணினி பயனற்றதாகிவிடாது. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் இயங்குதளம் பயன்படுவதை மாணவர் அறிவர். அத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பழைய கணினியையும் நன்கு இயக்கலாம். ஆயின், அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மின்கலம். லித்தியம் அயனி மின்கலம் ஒவ்வொரு முறை நிரம்பி வடியும்போதும் சிறிது தேய்கிறது. அத்தேய்மானத்தை மேலுறையில் காண இயலாது; கணினியே சொல்லவேண்டும். விண்டோஸில் மின்கல அறிக்கை எடுக்கும் வசதி உள்ளது. ‘பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் ஓரிரு நிமிடங்களில் எடுத்துத் தரலாம். மின்கலம் செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இன்று முழுமையாக நிரம்பும் அளவும் அதில் அருகருகே குறிக்கப்பட்டிருக்கும். முன்னது 50 வாட் மணியாகவும் பின்னது 30 வாட் மணியாகவும் இருந்தால், எஞ்சியது 60 விழுக்காடே. புதிய மின்கலத்தின் விலையை அப்பொழுதே பேரத்தில் சேர்த்துவிடலாம். மின்கலம் உப்பியிருந்தால் பேரமே வேண்டா, அது தீப்பற்றக்கூடியது.

அலுவலகத்திலிருந்து வந்த கணினிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. பழைய நிறுவனம் தன் கணக்கிலிருந்து அதனை முறையாக விடுவிக்காவிடில், இயங்குதளத்தை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் அந்நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றிக் கடவுச்சொல் கேட்கும். ஆகையால், கடையிலேயே இணையத்தில் இணைத்துத் தொடக்கத்திலிருந்து இயக்கிப் பார்ப்பது நன்று.

கைப்பேசிக்கும் இதுபோன்ற பூட்டு உண்டு. முன்னவரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீங்காத கைப்பேசி, வாங்கியவருக்கு வெறும் கண்ணாடித் துண்டே. அதனினும் கொடியது திருட்டுப் பொருளாக இருப்பது. *#06# என அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணை இட்டால் அக்கைப்பேசியின் நிலை தெரியும். தடைசெய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்னும் விடைகளுள் ஒன்று வந்தால் அதனை வாங்கலாகாது. பெட்டியில் அச்சிட்ட எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் ஒப்புநோக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய பின்னரும் பழுது தோன்றலாம். அப்பொழுது துணைநிற்பது பற்றுச்சீட்டு. ‘பில் போட்டால் வரி சேரும், வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்னும் பேச்சு எல்லையின் இருபுறமும் கேட்கக்கூடியதே. குறையும் தொகை சிறிது. இழக்கும் உரிமை பெரிது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பற்றுச்சீட்டு தராமையையே முறையற்ற வணிகம் என்கிறது. பழைய, புதுப்பித்த பொருளைப் புதியதென்று பொய்யாகக் காட்டுவதும், இல்லாத தரத்தை உள்ளதாகக் கூறுவதும் அவ்வகையில் அடங்கும். எனவே, சீட்டில் உள்ள ‘ஏ கிரேடு’ என்பதும், கடைக்காரர் வாயால் கூறிய செயலியின் தலைமுறை, மின்கலத்தின் நிலை, உத்தரவாதக் காலம் ஆகியனவும் பற்றுச்சீட்டில் எழுத்தாக இடம்பெற வேண்டும். ‘ஏழு நாள் செக்கிங் வாரண்டி’ என்று கூறுவாராயின் அதுவும் எழுதப்பட வேண்டும். திரும்பப் பெறும் காலம் எதுவும் பற்றுச்சீட்டில் குறிக்கப்படாவிடில், குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் இச்சட்டப்படி முறையற்ற வணிகமே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்னும் வரியைக் கண்டு அஞ்சித் திரும்பிவிட வேண்டியதில்லை.

எல்லையோர மக்களுக்கு இச்சட்டத்தில் தனிப்பயன் ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, விற்பவர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடிந்தது. கோயம்புத்தூரில் வாங்கியவர் கோயம்புத்தூருக்கே அலைய நேர்ந்தது. ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் எண்ணிப் பலர் விட்டுவிடக் கூடிய நிலை அது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நுகர்வோர் தாம் வாழும் இடத்திலேயே முறையிடலாம் என்கிறது. ஆகவே, காந்திபுரத்தில் வாங்கிய கணினிக்காகக் கொழிஞ்சாம்பாறைவாசி பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்வரை இருந்தால் முறையீட்டுக் கட்டணம் இல்லை, இணையவழியாகவும் பதிவுசெய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்னர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிக் கடைக்காரருடன் இணக்கம் காண முயலலாம். அங்கு முதலில் கேட்கப்படுவன, எந்தக் கடை, எந்த நாள், என்ன பொருள் என்பவையே. மூன்றுக்கும் விடை பற்றுச்சீட்டில் இருக்கிறது.