நட்டது நூறு... பிழைத்தது எத்தனை?

குட்டீஸ், முதலில் ஒரு கணக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று 100 மரக்கன்றுகள் நட்டார்கள். அடுத்த சுதந்திர தினத்தன்று அங்கே எத்தனை மரங்கள் நிற்கும்?

"நூறு!" என்று கத்தியவர்களுக்குக் கணக்கில் முழு மதிப்பெண். ஆனால், தெருவில் மேயும் ஆட்டுக்கும், மே மாத வெயிலுக்கும், எங்கிருந்தோ பறந்து வரும் கிரிக்கெட் பந்துக்கும் அந்தக் கணக்குத் தெரியாதே! நட்டதை எண்ணுவது சுலபம். நட்ட அன்றே எண்ணிவிடலாம், போட்டோவும் எடுத்துவிடலாம். பிழைத்ததை எண்ண மூன்று, நான்கு வருடங்கள் காத்திருக்க வேண்டும். தனி ஒருவரால் இது முடியாது என்று கூட்டாகச் சேர்ந்து மரம் வளர்க்கும் விவசாயிகளைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் விடாதீர்கள். வழியில் ஒரகடம் வரும். கார் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் என்று தயாராகி வெளியே வரும் ஊர் அது. தொழிற்சாலைச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு ஏரி தெரியும். அதற்குப் பக்கத்தில் நெல் வயல் பச்சையாக இருக்கும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளுக்குப் பெயர் போனது ஆயிற்றே!

இன்னும் கொஞ்ச தூரம் போனால், பயிரே இல்லாத நிலத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள் நட்டிருக்கும். அவை வீட்டுமனைக் கற்கள். 'இது இனிமேல் வயல் அல்ல' என்பதற்கு அடையாளம்.

ஏன் இப்படி? ஒரு விவசாயியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். நெல் என்றால் நாற்று விட வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும், அறுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும். வீட்டில் இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் கம்பெனி பேருந்தில் ஏறி வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், நிலம் தரிசாகிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தைத் தேடி விலை பேச ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கல் நடுவதா, மரம் நடுவதா? அந்தக் குடும்பத்துக்கு இது மிகப் பெரிய கேள்வி. மரம் என்றால் முதல் இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு நெல்லைப் போல் தினமும் ஆள் கேட்காது. ஆனால், காசும் உடனே தராது. அங்கேதான் சிக்கல்!

சீக்கிரம் காசு தரும் மரம் என்று நம் வட மாவட்டங்களில் பலரும் நடுவது சவுக்கு. மூன்று, நான்கு ஆண்டுகளில் வெட்டிவிடலாம். கட்டடத்துக்குச் சாரம் கட்ட, கல்யாணப் பந்தலுக்குக் கால் நட, காகிதம் செய்ய எல்லாம் சவுக்குதான். 1800-களில் சென்னை மக்களின் அடுப்புக்கு விறகு வேண்டும் என்று செங்கல்பட்டுக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளை வளர்த்தார்கள். ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்து மரம் இது. ஒரு வேடிக்கை தெரியுமா? சவுக்கில் ஊசி ஊசியாகத் தொங்குகிறதே, அது இலை இல்லை, மெல்லிய கிளை! அதைக் கையில் எடுத்து மெதுவாக இழுங்கள், கணுக் கணுவாகக் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றிப் பல் போல் பொடிப் பொடியாக இருப்பதுதான் உண்மையான இலை. அதன் வேரில் இருக்கும் முடிச்சுகளில் நுண்ணுயிரிகள் குடியிருந்து, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கிக் கொடுக்கின்றன. உரக் கடைக்குப் போகாத மரம்!

அடுத்தது மூங்கில். இதில் ஒரு பெரிய வேடிக்கை இருக்கிறது. மூங்கில் மரமே இல்லை, அது புல்! நெல், கரும்பு, அருகம்புல் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். மண்ணிலிருந்து முளை கிளம்பும்போதே எவ்வளவு பருமனோ, அதே பருமன்தான் கடைசி வரை. மரம் மாதிரி வருடா வருடம் பெருக்காது. உயரம் மட்டும் விறுவிறுவென்று ஏறும். சில வகைகள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கின்றன. காலையில் பார்த்ததை மாலையில் அண்ணாந்து பார்க்க வேண்டும்!

ஆனால், 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்று எழுதி வைத்துவிட்டது. (தமிழ்நாட்டுக்கு அதைவிடப் பழைய, 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் தனியாக உண்டு, அது வேறு கதை.) அந்தச் சட்டம் செல்லும் மாநிலங்களில், சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றிப் போகவும் அனுமதிச் சீட்டுக்காக அலைய வேண்டியிருந்தது. யார்தான் ஆசையாக நடுவார்கள்? காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் அல்ல என்று 2017 நவம்பரில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். புல்லைப் புல் என்று சொல்ல 90 வருடம்!

மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. கோண்டு பழங்குடி மக்கள் வாழும் ஊர். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, எல்லாரும் சம்மதித்தால்தான் அங்கே எந்த முடிவும் எடுப்பார்கள். தங்கள் ஊரைச் சுற்றியுள்ள காட்டின் மீது அவர்களுக்கு 2009-இல் உரிமை கிடைத்தது. ஆனாலும், மூங்கிலைக் காட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விற்க அனுமதிச் சீட்டு வேண்டுமே! போராடினார்கள். 2011 ஏப்ரலில் அந்தச் சீட்டைத் தாங்களே கொடுக்கும் அதிகாரம் கிராம சபையின் கைக்கு வந்தது. ஒரு ஆள் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் அலுவலக வாசலோடு முடிந்திருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் கூட்டு என்றால் எப்படி? தமிழ்நாடு அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017-இல் வந்தது. 20 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு சிறு குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால், 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. மரம் வளர்ப்பில் இதனால் என்ன லாபம் என்கிறீர்களா?

ஒருவரிடம் வெட்டுவதற்கு 20 மரங்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு லாரி வருமா? வராது. வியாபாரி சொல்வதே விலை. 20 பேருடைய மரங்களையும் சேர்த்தால் லாரி நிறையும். காகித ஆலையுடனோ, பிளைவுட் கம்பெனியுடனோ நேரடியாகவே பேசலாம். அப்புறம், ஆடு! ஒருவர் மட்டும் வேலி போட்டால் அது அவருக்கும் ஊர் ஆடுகளுக்கும் நடக்கும் யுத்தம். ஊரே சேர்ந்து, 'இந்த இரண்டு வருடம் இந்தப் பக்கம் மேய்க்கக் கூடாது' என்று முடிவு செய்துவிட்டால் வேலிச் செலவே பாதி மிச்சம். ஆனால், ஆடு வைத்திருப்பவரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவருக்கு வேறு மேய்ச்சல் இடம் காட்டாமல் போட்ட தீர்மானம் காகிதத்தோடு சரி.

வேளாண்மைத் துறையின் 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்' என்ற திட்டம் 2021-22-இல் தொடங்கியது. வரப்பில் மட்டும் நட்டால் ஏக்கருக்கு 50 கன்றுகள். வயல் முழுக்க இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு 160. கன்றுகள் இலவசம். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதிதான். இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். கவனித்தீர்களா? நட்டதற்கு இல்லை, உயிரோடு இருப்பதற்கு! 20 பேர் ஆளுக்கு ஒரு ஏக்கர் வரப்பில் நட்டால் 1,000 கன்று. 100 பேர் நட்டால் 5,000. வரப்பில்தான் மரம் என்பதால் நடுவில் நெல்லும் விளையும்.

இந்த யோசனையை 1977-லேயே செய்து காட்டிய ஓர் அம்மா இருந்தார். பெயர் வங்காரி மாத்தாய், நாடு கென்யா. கிராமத்துப் பெண்களைக் குழு குழுவாகச் சேர்த்து, அவர்களையே நாற்றங்கால் அமைக்க வைத்தார். வளர்த்த கன்று பிழைத்தால்தான் அதற்குச் சிறு தொகை. இப்படியே கென்யாவில் 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் வளர்ந்தன. 2004-ஆம் ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான்.

கென்யாவுக்குப் பக்கத்து நாடான தான்சானியாவில் 1999-இல் இன்னொரு முயற்சி தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் 'டிஸ்ட்'. 6 முதல் 12 விவசாயிகள் வரை சேர்ந்து ஒரு சிறு குழு. 2000-களின் தொடக்கத்தில் அது நம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கையில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரோடு தோப்புக்கு வருவார். ஜி.பி.எஸ். மூலம் இடத்தைக் குறிப்பார். உயிரோடு இருக்கும் மரங்களை எண்ணுவார், சுற்றளவு எடுப்பார். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது காற்றிலிருந்து மரம் இழுத்துக்கொண்டது. அந்தக் கார்பன் கணக்கை வெளிநாட்டுக் கம்பெனிகள் விலைக்கு வாங்கும். விவசாயிக்கும் ஒரு பங்கு வரும். "காசு கொடுத்துவிட்டால் கம்பெனி புகை விட்டுக்கொண்டே இருக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். பெரியவர்களே இன்னும் அடித்துக்கொள்ளும் கேள்வி அது.

சரி, வரப்பு மரமும் சவுக்குத் தோப்பும் காடு ஆகுமா? ஆகாது. ஒரே வயதில் ஒரே ஜாதி மரம் வரிசையாக நின்று, நாலு வருடத்தில் வெட்டப்பட்டுவிட்டால் குருவிக்குக் கூடு எங்கே? வண்டலூரில் இருப்பது போன்ற காப்புக்காட்டின் இடத்தைத் தோப்பு பிடிக்க முடியாது. ஆனால், 2022 செப்டம்பர் 24 அன்று அதே வண்டலூரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்தின் இலக்கைப் பாருங்கள். மாநிலப் பரப்பில் ஏறத்தாழ 24 சதவீதமாக இருந்த மரப் போர்வையைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக்க வேண்டுமாம்! அவ்வளவு இடத்துக்குக் காட்டை எங்கே போய்த் தேடுவது? விவசாயிகளின் வரப்பும், ஏரிக்கரையும், தரிசு நிலமும் சேர்ந்தால்தான் முடியும். அதனால் சவுக்கோடு சேர்த்து, நாள் பிடித்து வளரும் வேங்கை, மகாகனி, தேக்கு, ஏரிக்கரையில் பனை, ஓடையோரத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்த மூங்கில் என்று கலந்து நடுவதே நல்லது. சவுக்கு நாலாம் வருடம் காசு தரும். வேங்கை, இப்போது உங்கள் வயதில் இருக்கும் பிள்ளை அப்பா ஆனபிறகு காசு தரும்.

உங்கள் பள்ளியிலும் கன்றுகள் நட்டிருப்பார்கள் அல்லவா? நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டும், தையல் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பெரிய மரமாக இருந்தால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுங்கள். சுற்றளவு 63 சென்டிமீட்டர் வந்தால் அதை 3.14-ஆல் வகுங்கள், விட்டம் 20 சென்டிமீட்டர். அதைத் தேதியோடு எழுதி வைத்து, அடுத்த வருடம் அதே உயரத்தில் மறுபடி அளங்கள். கன்று இலையே இல்லாமல் குச்சியாக நின்றால், செத்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாக, ஒரு கடுகளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.