மோட்டார் சைக்கிளில் ஒட்டிய ரிஃப்ளெக்டரைப் பெயிண்ட் கெடாமல் அகற்றுதல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க், பக்கவாட்டு மூடி, மட்கார்டு போன்ற இடங்களில் ஒட்டப்படும் ரிஃப்ளெக்டர்கள் (எதிரொளிப்பான்கள்) இரு வகைப்படும். ஒன்று கெட்டியான பிளாஸ்டிக் வில்லை. இதன் முதுகில் இருபுறமும் ஒட்டக்கூடிய நுரை டேப் இருக்கும். மற்றொன்று ஸ்டிக்கர் போன்ற மெல்லிய தாள். தாளுக்குள் பதிந்துள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டக வடிவங்களோ, விழும் வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. வெயிலில் நிறம் மங்கியோ, ஓரம் கிழிந்து அழுக்கு சேர்ந்தோ போனபின் இவற்றை அகற்ற விரும்புவோர் பலர். அவசரமாகப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.

எதை அகற்றக்கூடாது

வண்டியின் பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டரைத் தொட வேண்டாம். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டராவது இருந்தாக வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரவில் பல்பு ஃபியூஸ் ஆகியோ, எஞ்சின் நின்றோ சாலையோரம் வண்டி நிற்கும்போது, பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்த வண்டி இருப்பதைக் காட்டுவது இந்தச் சிறு வில்லைதான். இதற்கு மின்சாரம் தேவையில்லை. அது உடைந்திருந்தால், புதியதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும். நிறுவனம் பொருத்திய வில்லைகள் சில திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் நட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பசையின் குணம்

இவற்றில் உள்ளது அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பசை. இது முழுத் திண்மமும் அல்ல, முழுத் திரவமும் அல்ல. வெடுக்கென்று இழுத்தால் திண்மம் போல விறைத்துக்கொண்டு தன் பிடியிலுள்ள பெயிண்டையும் இழுக்கும். மெதுவாக இழுத்தால் பாகு போல நெகிழ்ந்து கொடுக்கும். சூடு பட்டால் இன்னும் இளகும். ஆகவே இந்த வேலைக்கு மிதமான சூடும் பொறுமையும் போதும், பலம் தேவையில்லை.

பெயிண்டையும் அறிந்துகொள்ள வேண்டும். உலோகத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என அடுக்குகளாக அது அமைந்துள்ளது. தொழிற்சாலையில் சூளையில் சுட்டு உலர்த்திய பெயிண்ட் உறுதியானது. விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்ட் பல நேரம் அவ்வளவு பிடிப்புள்ளதாக இருக்காது. அத்தகைய இடத்தில் இருமடங்கு கவனம் வேண்டும். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பே தட்டுப்படவில்லை என்றால் அது பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அதை உரிக்க முடியாது, விட்டுவிடுவதே நல்லது.

அகற்றும் முறை

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, மணல் துகள் இல்லாமல் துடைக்க வேண்டும். பெயிண்டில் கீறல் விழப் பெரும்பாலும் இந்தத் துகள்களே காரணம்.

அடுத்து சூடேற்றல். பக்கவாட்டு மூடியையும் மட்கார்டையும் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால், ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துச் சூடாக்கலாம். கை வைத்தால் பொறுக்கும் அளவு சூடு போதும். பெட்ரோல் டேங்கில் ஹேர் டிரையரைப் பயன்படுத்தவே கூடாது. மூடி இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றினாலும் பெட்ரோல் ஆவி கசியக்கூடும். டிரையருக்குள் சிவக்கும் கம்பியே தீப்பற்றப் போதுமானது. டேங்குக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஓரிரு நிமிடம் போர்த்தி, ஆறியதும் மறுபடி நனைத்துப் போட்டால் போதும். எஞ்சின் ஆறியிருக்கட்டும், வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும்.

கெட்டி வில்லையை நெம்பக்கூடாது. ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அதன் முனை பெயிண்டில் பள்ளம் போடும். மெல்லிய தூண்டில் நரம்பை இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, வில்லைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள நுரைக்குள் செலுத்தி, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நுரை அறுந்து வில்லை கையோடு வரும். தையல் நூல் பாதியிலேயே அறுந்துவிடும்.

தாள் வகைக்கு, ஒரு மூலையை நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ கிளப்பி, தாளைப் பின்னோக்கி மடித்தபடி, பரப்பை ஒட்டியே மெல்ல இழுக்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் இழுவிசை பெயிண்டைத் தாக்கும். வெயில் தின்ற தாள் துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி சூடு காட்டுங்கள். பிளேடை எடுக்கும் ஆசை வருவது இந்தக் கட்டத்தில்தான், எடுக்காதீர்கள்.

எஞ்சிய பசை

பலாப்பழம் நறுக்கிய கையில் ஒட்டிய பாலை நாம் எண்ணெய் தேய்த்துத்தானே நீக்குகிறோம்? இங்கும் அதே வழி உதவும். எஞ்சிய நுரையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தபின், தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மென்துணியால் துடைக்கலாம். அதற்கும் மசியாத பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது நனைத்து, வெளியில் தெரியாத ஓரிடத்தில் சோதித்துப் பார்த்தபின் பயன்படுத்தலாம். இதுவும் எளிதில் தீப்பிடிக்கும். தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் வேண்டாம். நகப்பூச்சு நீக்கி பலவற்றில் உள்ள அசிட்டோன் பெயிண்டை மழுக்குவதோடு, பக்க மூடிகள் செய்யப்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். கடைசியில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ரிஃப்ளெக்டர் இருந்த இடம் மட்டும் புதிதாகப் பளிச்சென்று தெரியலாம். அது சேதமல்ல. சுற்றிலுமுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்க, மூடியிருந்த பகுதி தன் பழைய நிறத்தோடு இருக்கிறது. வாகன பாலிஷ் போட்டுச் சுற்றுப்புறத்தைத் தேய்த்தால் வேறுபாடு ஓரளவு குறையும். மேட் வகைப் பெயிண்டுக்கு மட்டும் பாலிஷ் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாக நின்றுவிடும்.