முதியோரும் சலக்கடுப்பும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முதியவர் ஒருவருக்குச் சலக்கடுப்பு என்றால், ‘உடற்சூடு’ என்று இளநீர் கொடுத்து நாட்கடத்துகின்றோம். அவரும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை.

வயதேறும்போது ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி பருத்துச் சலவழியை நெருக்குகின்றது. தேங்கிய சலத்திலே கிருமி பெருகுகின்றது. எரிவும் அடிக்கடி போதலும் அதன் அடையாளங்கள். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, சலம் அடைபட்டாலோ, அன்றே வைத்தியசாலை செல்லல் வேண்டும். களனியார்க்கு ராகமைப் போதனா வைத்தியசாலை அண்மையிலுண்டு.

மருந்து தொடங்குமுன் சலத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தல் நன்று. எம்மருந்துக்குக் கிருமி மடியும் என்பதை அது காட்டும். ஆண்களுக்குப் பொதுவாக 7 நாள் மருந்து தேவைப்படும். மூன்றாம் நாள் எரிவு தணிந்ததும் மிச்ச வில்லைகளை அலுமாரியில் வைத்து, பின்னர் அயல்வீட்டாருக்கும் வழங்கும் தாராளம் நம்மிடையே உண்டு! அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமி, அடுத்த முறை அம்மருந்துக்கு அடங்காமற் போகலாம்.