கடல் கடந்து பல் கட்டுவோர்க்கு

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் பொரிகடலையும் உடன் போகின்றன. வறுத்த மீனைக் கண்டால் ஒதுங்கவேண்டி வருகிறது. சோற்றைக் குழைய வடிக்கும்படி மருமகளிடம் வேண்டும் நிலையும் வந்து சேர்கிறது. நம் மாயாபந்தர்க் குடும்பங்களில் இந்நிலையில் உள்ள பெரியவர்கள் பலர். அவர்கள் இப்பொழுது ‘இம்ப்ளாண்ட்’ என்னும் வேர்ப்பல்லைப் பற்றி விசாரிக்கின்றனர். ஊருக்குப் போய் ஒரு விடுமுறையில் கட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்பதே அவர்களது கேள்வி. கப்பலுக்குச் சீட்டு வாங்குமுன் அறிய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

இவ்வகைப் பல்லின் பிறப்பே ஒரு தற்செயல். 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்பினுள் இரத்தம் ஓடும் வகையை ஆராயும்பொருட்டு முயலின் காலெலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பதித்து வைத்தார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்க முயன்றபோது குழல் வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது. இந்த ஒட்டுறவைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று துணிந்த அவர், 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். லார்சன் 2006-இல் காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகள் அவை அவருக்கு உழைத்தன. எனினும் பல் மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1982-இல் டொராண்டோ நகரில் கூடிய மாநாட்டுக்குப் பின்னரே இம்முறை எங்கும் பரவியது. டைட்டானியத்தை அந்நியப் பொருள் என்று எண்ணவேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கரிய மணலில் அதன் தாது கிடக்கிறது.

செய்முறை இதுதான். பல் இருந்த இடத்தில் எலும்பைத் துளைத்து, திருகாணி போன்ற டைட்டானிய வேரைச் செலுத்துவர். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளும் வரை காத்திருப்பர். பின்பு அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டையும், அதற்கும் மேலே பல் வடிவான உறையையும் பொருத்துவர். கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் என்பது பழைய கணக்கு. இன்று இக்காலம் குறைந்துள்ளது. தகுந்த எலும்பு உள்ளவர்க்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. ஆயினும் வேர் வைத்த நாளுக்கும் நிலையான பல் ஏறும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் இருப்பதே பெரும்பான்மை. ‘ஒரே வாரத்தில் முழுப்பல்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், அந்த வாரத்துக்குப் பின் நம்மைப் பார்ப்பவர் யார் என்று கேட்பது நம் உரிமை.

தாய்நாட்டுக் கரையில் இருப்பவர்க்கு இது பெரிய காரியமன்று. பேருந்து ஏறினால் மருத்துவரிடம் போய்விடலாம். நமக்கோ ஸ்ரீ விஜயபுரம் (2024-இல் இப்பெயர் பெற்ற போர்ட் பிளேர்) போவதற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஜாரவா மக்களின் காப்புக்காட்டினூடே குறித்த நேரங்களில்தான் வண்டிகள் தொடராகச் செல்லலாம். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள் அளவு ஆகும். கடல் கொந்தளித்தால் அதற்கும் உறுதியில்லை. ஆகவே ஒரு பயணம் அன்று, இரண்டு பயணங்கள் என்று முதலிலேயே கணக்கிடுக. முதற்பயணத்தில் வேர், சில மாதம் கழித்து அடுத்த பயணத்தில் பல். பள்ளி விடுமுறையையும் திருவிழாவையும் இதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு மனக்கசப்பு இராது.

இனி நாம் சொல்வதே இக்கட்டுரையில் முதன்மையானது. வேர் செய்யும் கம்பெனிகள் பல. ஒன்றின் திருகாணிக்குப் பொருந்தும் திருப்புளி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஓராண்டு கழித்து மேலே உள்ள பல் ஆடத் தொடங்கினால், பெரும்பாலும் தளர்ந்தது சிறு திருகாணியே. உரிய கருவி இருந்தால் மருத்துவர் சில நிமிடங்களில் முறுக்கிவிடுவார். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாவிடில் அவரும் கைபிசைந்து நிற்பார். ஆதலின் கம்பெனியின் பெயர், மாதிரி, வேரின் விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவற்றை எழுதிய அட்டையையும் எக்ஸ்ரேப் படத்தையும் கேட்டு வாங்காமல் மருத்துவமனைப் படி இறங்க வேண்டாம். குடும்ப அட்டையோடு அதையும் சேர்த்து வைக்கலாம்.

எல்லோர்க்கும் இது ஏற்றதன்று. கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர்க்கும் புகைப்போர்க்கும் வேர் பற்றாமல் போகும் வாய்ப்பு மிகுதி. நம் தீவில் பாக்குக்குப் பஞ்சமில்லை; வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பவர், அதை விட மனமில்லையேல் பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உண்பவர் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். பல்லைப் பிடுங்கியபின் பல ஆண்டுகள் வாளாவிருப்பதும் தவறு. முதலாண்டிலேயே அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதி வரை குறையக்கூடும். வேர்ப்பல்லில் சொத்தை விழாது. ஆனால் துலக்காவிடில் சுற்றிலும் ஈறு புண்ணாகி எலும்பு அரிக்கும்.

கீழ்வாயில் ஒரு பல்லும் இல்லாத முதியோர்க்கு வேறொரு வழி உண்டு. சாதாரணப் பல்செட்டு அவர்க்குப் பேசும்போதே துள்ளும். முன்புறம் இரண்டே வேர்களை வைத்து, சட்டைப் பித்தான்போல் அவற்றின்மேல் பல்செட்டை அழுத்தி மாட்டிக்கொள்ளலாம், இரவில் கழற்றிவிடலாம். 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் இதனையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தனர். வாய் நிறைய வேர் வைப்பதைக் காட்டிலும் செலவு மிகக் குறைவு. சென்னையில் 1953-இல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ, கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் தொடங்கிய கல்லூரியிலோ முதலில் விசாரித்து, தனியார் சொல்லும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே வரிசையில் காத்திருக்க நேரும்; அந்த நாள்களையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்க.