கிணறும் வாய்க்காலும்

கொங்கு நாடு மழை குன்றிய நாடு. தென்மேற்குப் பருவக்காற்றுச் சுமந்துவரும் முகில்கள் தம் நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே சொரிந்துவிடுகின்றன. ஆதலின் இந்நாட்டு உழவர் பன்னெடுங்காலம் கிணற்றையே நம்பி வாழ்ந்தனர். எருதுகளைப் பூட்டிச் சாலினால் நீர் இறைக்கும் முறைக்குக் கவலை என்பது பெயர். மின்பொறி வருமுன், விடியற்காலையில் கவலையோசை கேளாத தோட்டம் இங்கு அரிது.

கிணற்றை ஒட்டிய வாழ்வு தனித்த வாழ்வு. ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருந்தது. அழைத்தால் அடுத்த சாளைக்குக் கேளாது. அவ்வாழ்வு அயரா உழைப்பையும் பிறர் கையை எதிர்பாராத பெருமிதத்தையும் தந்தது உண்மையே. ஆயினும் வறட்சி வந்தபோது ஆழமாக வெட்டியவன் கிணறு ஊறிற்று. அயலான் கிணறு வற்றிற்று. அவன் துயரம் அவனோடு நின்றது.

வாய்க்கால் அவ்வாறு தனித்திருக்க விடுவதில்லை. பவானியாற்றில் அணைகட்டி, கொடுமுடிப் பக்கம்வரை வளைந்து வளைந்து செல்லும் காலிங்கராயன் வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டினது என்பர். அதனை வெட்டுவித்த காலிங்கராயர், தந்நலம் கருதினார் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சி, அந்நீரைத் தம் குடியினர் பயன்கொள்ளலாகாதென விலக்கி, ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. பொதுநீரைப் பகிர்பவன்மீது ஊரார் கண் எத்துணைக் கூர்மையாகப் பதியும் என்பதற்கு இக்கதையே சான்று.

நாடு விடுதலை பெற்றபின் 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவெய்தியது கீழ்பவானித் திட்டம். பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் இதன் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. பாசனப் பரப்போ 2,07,000 ஏக்கர். அத்தனை நிலத்திற்கும் ஒரே பருவத்தில் நெல்லுக்கு நீர் கொடுத்தல் இயலாது. எனவே மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரண்டாகப் பகுத்தனர். ஒரு பாதி நிலம் ஆகஸ்டுத் திங்களில் திறக்கும் நீரால் நெல் விளைக்கும். மறுபாதி, தை மாதத்தை ஒட்டித் திறக்கும் நீரால் நிலக்கடலை, எள் முதலியவற்றை விளைக்கும். அடுத்த ஆண்டில் முறை மாறும். இவ்வாண்டு நெல்லறுத்தவன் வரும் ஆண்டில் புன்செய்ப் பயிருடன் அமைவான்.

இம்முறையைத் தாளில் வரைவது எளிது; வயலில் காப்பது அரிது. தலைமடையார் இரவில் மடையைச் சற்றே உயர்த்தினால் கடைமடையில் பயிர் வாடும். ஆதலின் அண்டை ஊரார் ஒருவரையொருவர் அறியவும், கணக்குக் கேட்கவும், ஒன்றுகூடவும் நேர்ந்தது. பாசன மேலாண்மையில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-இல் இயற்றப்பட்டது. அதன்வழி, உழவர் தேர்ந்தெடுக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன.

பூசல் இல்லாமற் போயிற்று என்று எண்ணற்க. மண்ணால் ஆன இக்கால்வாய்க்குக் கற்காரை பூசும் திட்டத்தை உழவருள் ஒருசாரார் கடுமையாக எதிர்த்தனர். கசியும் நீரே தம் கிணறுகளுக்கு ஊற்று என்றனர். கடைமடை உழவரோ, கசிவு குறைந்தாலன்றித் தம் வயலுக்கு நீர் வந்து சேராது என்றனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. கிணறும் வாய்க்காலும் ஒரே நீரையே பருகின என்பது இவ்வழக்கினால்தான் பலர்க்கும் விளங்கிற்று.

மற்றொன்று. நிலமில்லாத் தொழிலாளர்க்கு வாய்க்கால் நீரில் பங்கில்லை. அது தரும் வேலையில் மட்டுமே பங்கு உண்டு. மதகுக் கணக்கில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை.