பட்டம் கையில், காத்திருக்கும் வசதி யாரிடம்?

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள சேரிகளில், பட்டமளிப்பு அங்கி அணிந்த மகளின் படத்தையோ மகனின் படத்தையோ சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. அந்தக் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் அவர்கள். அதே இளைஞர்கள் விடியற்காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நிறுவனப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்பதையும் நாம் காண்கிறோம். வரலாறு, தமிழ், வணிகவியல், வேதியியல் என்று எதைப் படித்திருந்தாலும், ஆலைக்குள் அவர்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளி என்ற ஒரே பெயர்தான்.

இதைக் காட்டி, "கலை அறிவியல் படித்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியே பிழையானது. குடிமைப் பணித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, பி.எட்., முதுகலை, ஆராய்ச்சி ஆகிய அனைத்துக்கும் இந்தப் பட்டம் வழி திறக்கிறது. ஆனால் இவ்வழிகள் எல்லாம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வருமானமின்றிக் காத்திருக்கக் கேட்கின்றன. நிலமோ, தந்தையின் ஓய்வூதியமோ, நகரத்தில் தங்க உறவினர் வீடோ உள்ளவர் காத்திருப்பார். கூலி வேலை செய்யும் தாயின் பிள்ளை அடுத்த மாதமே ஆலைப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கும். தகுதி என்று பின்னாளில் பேசப்படுவதில் பெரும்பகுதி, காத்திருக்க முடிந்ததன் பலனே.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு இம்மண்ணிலேயே வேர் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கை, நிலமின்மையே அவர்களை அடிமைப்படுத்தி வைத்திருப்பதை எடுத்துக்காட்டியது. 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே அடித்தளம். அந்நிலங்கள் பிறகு பெருமளவில் பறிபோயின. நிலத்தை இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இன்று பட்டத்தோடு சாலையில் நிற்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரும் ஒரு கலைப் பட்டதாரியே. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்த அவர், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பரோடா மன்னர் வழங்கிய மூன்றாண்டு உதவித்தொகையே அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கியது. அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதியினருக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கியது.

அத்திட்டத்தின் இன்றைய நிலை என்ன? 2021 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வீட்டிலிருந்து கல்லூரி செல்லும் பி.ஏ., பி.எஸ்சி. மாணவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு ரூ.3,000. மாதக் கணக்கில் ரூ.250. தொழிற்படிப்பு மாணவருக்கு அது ரூ.7,000. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் ரூ.1,000 படிப்போடு நின்றுவிடுகிறது. பட்டதாரிக்கான வேலையில்லாதோர் உதவித்தொகை மாதம் ரூ.600, அதையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே கோர முடியும். உதவி மிகவும் தேவைப்படும் முதல் ஆண்டில் கை வெறுமையாக இருக்கிறது.

இந்நிலையிலும் சட்டம் தந்திருக்கும் சில பிடிமானங்களை ஒவ்வொரு பட்டதாரியும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சான்றிதழ். உதவித்தொகை வந்து சேரவில்லை என்று கூறிச் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரிகள் குறித்து எங்களிடம் முறையிடுவோர் உண்டு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. அரசு தர வேண்டிய தொகைக்கு மாணவரின் எதிர்காலம் அடகுப் பொருளாகாது. எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெற்று, மறுத்தால் வழக்குத் தொடுக்கலாம். ரூ.17,500 கட்டணத்தை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் தன்பாத் ஐஐடியில் இடமிழந்த தலித் மாணவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைவில் கொள்வோம்.

இரண்டாவது, போட்டித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி தேர்வுக் கட்டணத்திலிருந்து பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் விலக்கு உண்டு. நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு, பத்து மாதங்களுக்கு மாதம் ரூ.7,500 வழங்கப்படுகிறது. அதற்கெனத் தனித் தேர்வு நடைபெறும். அதன் அறிவிப்பைத் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, சட்டப் படிப்பு. பட்டியல் சாதி மாணவர் பட்டப் படிப்பில் 40 விழுக்காடு பெற்றிருந்தாலே மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குத் தகுதியுடையவர். வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் ரூ.750, பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் ரூ.125 மட்டுமே பெற வேண்டும் என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, பிற ஊர்களில் ரூ.15,000 குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கச் செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் பணித்தது. காஞ்சிபுரம் நீதிமன்றங்களில் பணி தொடங்குபவர் அந்த ரூ.15,000ஐத் தயங்காமல் கேட்கலாம்.

நான்காவது, தொழிற்சாலை. தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை என்பது உண்மை. ஆனால் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், அறிவிக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் ஆலைகளும் இதற்கு உட்பட்டவை. ஒரகடம் ஆலைகள் இதை எந்த அளவுக்குப் பின்பற்றுகின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அரசுத் துறையிடம் கேட்பது நம் பணி. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. ஆகவே பயிற்சிக் கடிதத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

ஐந்தாவது, உயர் ஆராய்ச்சி. ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை 2022இல் விலக்கியது. சாதியை ஆராய விரும்பும் கலை மாணவரே இதனால் வெளியேற்றப்படுகிறார். ஆராய்ச்சிக்கான பணத்தோடு ஆராயும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் நாம் கோர வேண்டியிருக்கிறது.

எனவே நம் கோரிக்கை தெளிவானது: பட்டியல் சாதிப் பட்டதாரிக்குப் படிப்பு முடிந்த மாதத்திலிருந்தே, குறைந்தது ஓராண்டுக்கு, வாழத் தகுந்த இடைக்கால உதவித்தொகை வேண்டும். அரசு அதைத் தரும்வரை நாம் வாளாவிருக்க இயலாது. இறுதியாண்டுத் தேர்வு முடியும் காலத்தில் ஒவ்வொரு சேரியிலும் படிப்பகங்களிலோ அம்பேத்கர் மன்றங்களிலோ ஒரு மாலை கூடுவோம். யாருக்குச் சான்றிதழ் வரவில்லை, யார் எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நாள் எது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு ஓராண்டைச் சம்பாதித்துக் கொடுக்க முடியும்.