பிள்ளையின் கட்டுரை மனு அல்ல

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புவது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருதுக் கரையைக் கடல் அழித்த பின்னர் வீட்டுக்கும் நிவாரணத்துக்கும் நட்டஈட்டுக்கும் படிவங்கள் நிரப்பினோம். யுத்த காலத்தில் வயற்காணியை விட்டு வந்தவர்களும் அப்படியே. "நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள், ஆவன செய்து தரவும்" என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரிடம் கேட்கும் கட்டுரைக்கு இந்தப் பழக்கம் உதவாது.

எங்கே கேட்கிறார்கள்?

நமது அரச பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுரை தேவையில்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே முக்கியம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அம்பாறையும் அந்த 16 இல் ஒன்று. ஆகவே ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ போக விரும்பும் பிள்ளை பரீட்சையிலேயே முழுக் கவனமும் வைக்கட்டும்.

அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மேற்படாத கட்டுரை கேட்கப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2026 ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: இப்பாடத்தை ஏன் கற்க விரும்புகிறீர்? உமது கல்வி உம்மை எவ்வாறு தயார்ப்படுத்தியது? கல்விக்கு வெளியே என்ன செய்தீர், அது எவ்வாறு பயன்படும்?

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளையிடம் அதற்குப் பதில் நிறைய உண்டு. அது பதில்தான் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

எதை எழுதுவது?

"நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்" என்ற வசனத்தில் பிள்ளை தெரிவதில்லை. ஆயிரம் பேர் அதையே எழுதலாம். மாறாக இப்படி எழுதினால்: "வாய்க்கால் தண்ணீர் எங்கள் முறைக்கு வரும் இரவுகளில் வாப்பாவுடன் நானும் போவேன். கடைசித் துண்டுக்குத் தண்ணீர் எட்டியதா என்று பார்ப்பது என் வேலை. ஏன் எட்டவில்லை என்று யோசித்தே நீரியல் படிக்க விரும்பினேன்." இதில் ஒரு பிள்ளை வேலை செய்கிறது, யோசிக்கிறது. கட்டுரையை வாசிப்பவர் தேடுவது அதைத்தான்.

இடம்பெயர்வை மறைக்க வேண்டியதில்லை. பாடசாலை மாறியது, ஒரு வருடம் தவறியது போன்றவற்றை ஆண்டுடன் இரண்டு மூன்று வசனங்களில் சொன்னால் போதும். அமெரிக்க விண்ணப்பத்தில் இதற்கென்றே தனி இடமும் உண்டு. ஆனால் இறந்தவர்களைப் பற்றி எழுதும்படி பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது பிள்ளையின் உரிமை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் உங்களால் உதவ முடியும்.

1. விபரம் சொல்லுங்கள். எந்த ஆண்டு வெளியேறினோம், எத்தனை ஏக்கர் செய்தோம், பிள்ளை எந்த வேலையில் கைகொடுத்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

2. ஆண்டுகளைப் பிறப்புச் சான்றிதழுடனும் பாடசாலை விடுகைப் பத்திரத்துடனும் ஒப்பிடுங்கள். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சந்தேகம் வரும்.

3. முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையே ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியர் பிழை திருத்தலாம், கருத்தை மாற்றக்கூடாது.

4. காசு கொடுத்து எழுதுவிக்காதீர்கள். கணினி எழுதித் தருவதையும் அப்படியே அனுப்பக்கூடாது. நேர்முகப் பரீட்சை வைத்தால், தான் எழுதாததைப் பற்றிப் பிள்ளையால் பேச முடியாது.

5. முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னராவது தொடங்குங்கள். எழுதியதை ஒரு வாரம் வைத்துவிட்டு மீண்டும் பார்த்தால் குறைகள் தாமே தெரியும்.

எழுதி முடித்ததும் உங்கள் முன் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலமாயின் தமிழில் சொல்லட்டும். கேட்கும்போது "இது எங்கள் பிள்ளைதான்" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தால், அந்த இடத்தைத் திருப்பி எழுத வேண்டும்.